என்எஸ்-2: பழுது பார்ப்பதா, ஓய்வு கொடுப்பதா?

லினக்ஸில் என்எஸ்-2 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரை இன்ஸ்டால் செய்து பார்த்த பலருக்கும் அந்த 137ஆம் வரி தெரிந்திருக்கும். ஆல்-இன்-ஒன் தொகுப்பை இறக்கி, விரித்து, இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தால் டிசிஎல், டிகே, ஓடிசிஎல், டிசிஎல்சிஎல் என ஒவ்வொன்றாகக் கம்பைல் ஆகிவரும். திரை முழுக்க எழுத்துகள் ஓடும். என்எஸ்-2.35-இன் முறை வந்ததும், லிங்க் ஸ்டேட் ரூட்டிங்குக்கான எல்எஸ்.ஹெச் என்ற கோப்பின் 137ஆம் வரியில் போய் நின்றுவிடும். 'எரேஸ்' என்ற ஃபங்ஷன் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்பான் கம்பைலர். அந்தச் சொல்லுக்கு முன்னால் 'திஸ்' என்று எழுதி ஓர் அம்புக்குறி போட்டால் மேலே நகரும். தில்லியில் எம்.டெக். ஆய்வேட்டுக்காக நெட்வொர்க் சிமுலேஷனில் இறங்கும் மாணவர்களுக்கு இந்த வைத்தியம் சீனியரிடமிருந்து வாய்வழியாக வந்து சேர்கிறது. ஏன் அப்படி எழுத வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

காரணம் சுவாரஸ்யமானது. ஒரு டெம்ப்ளேட்டின் தாய் வகுப்பு இன்னதென்று முன்கூட்டியே தெரியாதபோது, அதற்குள் இருக்கும் ஃபங்ஷனை வெறும் பெயரைச் சொல்லி அழைக்கக் கூடாது, அது இந்த ஆப்ஜெக்டுக்குச் சொந்தம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இது சி++ மொழியின் விதி. பழைய ஜிசிசி கம்பைலர்கள் இந்தத் தவறைக் கண்டுகொள்ளாமல் விட்டன. 2012 மார்ச்சில் வந்த ஜிசிசி 4.7 விடவில்லை. என்எஸ்-2.35 வெளியானதோ 2011 நவம்பரில். அதாவது கடைசி வெளியீடு வந்து ஐந்து மாதம் ஆவதற்குள் அதைக் கம்பைல் செய்யும் கருவி மாறிவிட்டது. திருத்தி மறுவெளியீடு செய்ய ஆளில்லை, ஏனென்றால் அதன் ஆசிரியர்கள் அதற்குள் என்எஸ்-3க்குப் போய்விட்டிருந்தார்கள். 2016இல் ஜிசிசி 6 வந்தபோது சி++ மொழியின் இயல்புப் பதிப்பே 1998இலிருந்து 2014க்குத் தாவியது. பழைய நிரலில் இன்னும் பல இடங்கள் உதைத்தன.

அதனால் மாணவர்கள் வேறு வழி பிடித்தார்கள். அந்த வரியைத் திருத்துவதோடு, ஜிசிசி 6க்கு முந்தைய ஜிசிசி 4.8 ஐத் தேடி எடுத்து மேக்ஃபைலில் கம்பைலர் பெயரை மாற்றுவது. புது உபுண்டுவில் 4.8 கிடைக்காது என்பதால் பழைய உபுண்டுவின் ரெபோசிட்டரியைப் புதிய இயங்குதளத்தின் பட்டியலில் சொருகுவது. பல நாள் போராட்டத்துக்குப் பின் 'நாம்' என்ற அனிமேஷன் கருவியின் திரையில் இரண்டு வட்டங்களுக்கிடையே பாக்கெட்டுகள் ஓடும்போது ஏற்படும் மகிழ்ச்சி எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த மகிழ்ச்சி வந்ததும் ஆய்வின் கடினமான பகுதி முடிந்துவிட்டதாக ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. இன்ஸ்டால் முடியும்போது அந்த ஸ்கிரிப்ட் கடைசியாகத் திரையில் ஒரு யோசனை சொல்லும்: என்எஸ் கோப்புறைக்குள் போய் 'வேலிடேட்' என்ற சோதனைத் தொகுப்பை ஓட்டிப் பாருங்கள் என்று. கம்பைலரை மாற்றி, நிரலைத் திருத்தி, நூலகங்களைக் கலந்து கட்டிய பின் அந்தக் கருவி இன்னும் சரியான விடைகளைத் தருகிறதா என்று அறிய அதைத்தான் முதலில் ஓட்ட வேண்டும். அதை ஓட்டிய மாணவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரை எடைபோட விரும்புவது இதைத்தான்: என்எஸ்-2 ஐ இன்றைய லினக்ஸில் ஓடவைக்கச் செலவிடும் உழைப்புக்கு என்ன பலன்? அதே உழைப்பை வேறெங்கே போடலாம்?

இது சில்லறை விஷயமாகத் தோன்றலாம், அப்படியல்ல. 2022 மே 17 அன்று இந்தியாவின் சொந்த 5ஜி டெஸ்ட் பெட் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை ஐஐடி தலைமையில் தில்லி ஐஐடி உள்பட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து கட்டியது, செலவு 220 கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று தில்லி பிரகதி மைதானத்தில் 5ஜி சேவையே தொடங்கியது. ஆனால் ஒரு சாதாரணப் பொறியியல் கல்லூரி மாணவர், தில்லியில் இருந்தாலும் திருநெல்வேலியில் இருந்தாலும், ஒரு பேஸ் ஸ்டேஷனைத் தொட்டு மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. லேப்டாப்பில் ஓடும் சிமுலேட்டர்தான் அவருடைய ஆய்வுக்கூடம். அதன் தரம்தான் அவருடைய ஆய்வின் தரம்.

என்எஸ்-2 ஐக் குறைத்துப் பேசுவதற்கு முன் அதற்குரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். அதன் வேரில் தில்லிக்கு ஒரு பங்கு உண்டு. 1986இல் தில்லி ஐஐடியில் கணினியியல் முடித்து பெர்க்லி போன ஸ்ரீனிவாசன் கேசவ், 1988இல் 'ரியல்' என்ற நெட்வொர்க் சிமுலேட்டரைப் பற்றிய தொழில்நுட்ப அறிக்கையை வெளியிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 'நெஸ்ட்' என்ற அடித்தளத்தின் மேல் எழுந்தது அது. என்எஸ் 1989இல் ரியலின் ஒரு வடிவமாகத்தான் தொடங்கியது. 1995 முதல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா நிதியில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம், ஜெராக்ஸ் பார்க், பெர்க்லி, தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐஎஸ்ஐ ஆகியவை சேர்ந்து விண்ட் என்ற திட்டத்தில் அதை வளர்த்தன.

இந்த மரபு ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. 1989இல் ஆலன் டெமர்ஸ், கேசவ், ஸ்காட் ஷென்கர் மூவரும் எழுதிய ஃபேர் க்யூயிங் கட்டுரையின் தலைப்பிலேயே சிமுலேஷன் என்ற சொல் இருக்கிறது. ஒரே லிங்கில் பலர் பாக்கெட் அனுப்பும்போது ஒருவர் மற்றவரை அமுக்கிவிடாமல் எப்படிப் பங்கிடுவது என்பது கேள்வி. 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் க்யூவில் பாக்கெட்டுகள் தேங்கித் தாமதமாவதைக் கட்டுப்படுத்தும் 'கோடெல்' முறையை வெளியிட்டபோது, அதைச் சோதித்துக் காட்டியது என்எஸ்-2இல்தான். இந்த இரண்டு யோசனைகளும் சேர்ந்ததுதான் எஃப்க்யூ-கோடெல். அது 2012இல் லினக்ஸ் 3.5 கெர்னலுக்குள் போனது. இன்று உபுண்டு லேப்டாப்பில் ஈதர்நெட் கேபிளைச் செருகி 'டிசி க்யூடிஸ்க்' என்று தட்டினால் அந்தப் பெயர் அநேகமாகத் திரையில் வரும். சிமுலேட்டரில் பார்த்த முடிவு நிஜ உலகத்தில் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆராய்ச்சியாளர்கள் கருவியின் ஒவ்வொரு அனுமானத்தையும் அறிந்திருந்தார்கள். கருவியைக் கட்டியவர்களும் அவற்றை ஒளிக்கவில்லை. கெவின் ஃபாலும் கண்ணன் வரதனும் தொகுத்த என்எஸ் கையேடு, அதன் வழக்கமான ஒருவழி டிசிபி எதையெல்லாம் செய்யாது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. இணைப்பைத் தொடங்கும், முடிக்கும் பரிமாற்றங்கள் கிடையாது. வரிசை எண்கள் பைட்டில் இல்லை, பாக்கெட் எண்ணிக்கையில். உண்மையான தரவு எதுவும் போவதில்லை. 'ஏஜென்ட் டிசிபி' என்று எழுதினால் கிடைப்பது 1988 காலத்து டாஹோ. லினக்ஸோ 2006 முதலே க்யூபிக்கை இயல்பாக வைத்திருக்கிறது.

ஒரே ஒரு இயல்பு மதிப்பை மட்டும் எடுத்துப் பார்ப்போம். என்எஸ்-2 டிசிபியின் அதிகபட்ச விண்டோ, நீங்கள் மாற்றாவிட்டால், 20 பாக்கெட். ஒரு பாக்கெட் 1000 பைட். போய்வரும் நேரம் 100 மில்லிசெகண்ட் உள்ள ஒரு லிங்கில், ஒவ்வொரு 100 மில்லிசெகண்டுக்கும் 20,000 பைட்தான் வெளியே போக முடியும். கணக்குப் போட்டால் நொடிக்கு ஏறத்தாழ 1.6 மெகாபிட். லிங்கின் வேகத்தை 10 மெகாபிட் ஆக்குங்கள், 100 ஆக்குங்கள், த்ரூபுட் அந்த 1.6 ஐத் தாண்டாது. மாணவர் கிராஃபில் ஒரு தட்டையான கோட்டைப் பார்க்கிறார். அதற்குக் காரணம் ரூட்டிங் முறை என்றோ நெரிசல் என்றோ ஆய்வேட்டில் இரண்டு பத்தி எழுதுகிறார். கோடு தட்டையானதற்குக் காரணம் அந்த இருபது. ரேண்டம் எண்களின் சீடும் அப்படித்தான். மாற்றாவிட்டால் அது 12345. பத்து முறை ஓட்டினாலும் பத்து முறையும் ஒரே விடை. அதைப் பார்த்து முடிவு நிலையாக இருக்கிறது என்று எழுதினால் அது பிழை.

வயர்லெஸ் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். தில்லியில் வாகன நெட்வொர்க் ஆய்வேடுகளின் செய்முறை ஏறத்தாழ ஒரே அச்சு: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கன்னாட் பிளேஸ் வரைபடத்தை வெட்டி எடுப்பது, ஜெர்மனியின் டிஎல்ஆர் உருவாக்கிய சுமோவில் அதை ஏற்றி வண்டிகளை ஓட்டுவது, அவற்றின் நகர்வை என்எஸ்-2 புரிந்துகொள்ளும் கோப்பாக மாற்றுவது. வரைபடம் நிஜம். வட்டமாகச் சுற்றும் சாலைகளும் அவற்றிலிருந்து கிளைக்கும் ஆரச் சாலைகளும் நிஜம். ஆனால் அந்த வண்டிகளுக்கிடையே போகும் ரேடியோ அலை? என்எஸ்-2இன் வயர்லெஸ் பகுதி 1990களின் இறுதியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மோனார்க் குழு சேர்த்தது. அன்றைய லூசென்ட் வேவ்லேன் அட்டையைப் பார்த்து வைத்த எண்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன: அனுப்பும் திறன் 0.28183815 வாட், அதிர்வெண் 914 மெகாஹெர்ட்ஸ். வழக்கமான டூ-ரே கிரவுண்ட் மாதிரியில் இவற்றைப் போட்டால் 250 மீட்டர் வரை பாக்கெட் கிடைக்கும், 251ஆம் மீட்டரில் எதுவும் கிடைக்காது.

இந்த மாதிரிக்குத் தெரிந்தது ஒரு சமதளத் தரையும் இரண்டு ஆன்டெனாவும் மட்டுமே. கன்னாட் பிளேஸின் தூண் வரிசைகளும் சுவர்களும் அதற்குக் கிடையாது. ஒரு கட்டடத் தொகுதிக்கு இந்தப் பக்கம் நிற்கும் காரும் அந்தப் பக்கம் நிற்கும் காரும் தடையே இல்லாமல் பேசிக்கொள்ளும். வாகனத் தொடர்புக்குரிய அலைவரிசை 5.9 கிகாஹெர்ட்ஸ். 914 மெகாஹெர்ட்ஸ் என்பது இந்தியாவில் ஜிஎஸ்எம் கைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசும் 890–915 பட்டைக்குள் விழும் எண். பின்னாளில் மெர்சிடீஸ் பென்ஸும் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகமும் சேர்ந்து இதைவிட நல்ல 802.11 பகுதியையும் நாகாகாமி பரவல் மாதிரியையும் என்எஸ்-2க்குக் கொடுத்தன என்பதையும் சொல்ல வேண்டும். அவை தொகுப்புக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் கைமாறி வரும் ஸ்கிரிப்டில் பழைய வரிகள்தான் இருக்கின்றன, இருக்கிறதை ஓட்டுவதே வழக்கமாகிவிட்டது. இப்படிப் பெற்ற முடிவுக்குத் தலைப்பில் தில்லி என்ற பெயரைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

இது இந்திய மாணவர்களின் குறை என்று யாரும் எண்ண வேண்டாம். 2005இல் கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸைச் சேர்ந்த குர்கௌஸ்கி, கேம்ப், கொலக்ரோசோ மூவரும் மோபிஹாக் என்ற முதல்தர மாநாட்டில் 2000 முதல் 2005 வரை வந்த 151 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 114 சிமுலேஷனை நம்பியவை. வேறொருவர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்குத் தகவல் தந்தவை 15 விழுக்காட்டுக்கும் குறைவு. எந்தச் சிமுலேட்டர் என்றுகூடச் சொல்லாதவை பல. அதற்கும் முன்பே, 2002இல், லோசான் நகரின் இபிஎஃப்எல்லைச் சேர்ந்த கவின், சாசோன், ஷிப்பர் ஆகியோர் ஒரே எளிய ஃப்ளடிங் முறையை ஓப்நெட், என்எஸ்-2, குளோமோசிம் மூன்றிலும் ஓட்டினார்கள். எண்கள் மட்டும் மாறவில்லை, சில இடங்களில் முடிவின் போக்கே மாறியது. உலகின் முதல்தர ஆய்வகங்களுக்கே இந்த நிலை என்றால், வழிகாட்ட ஆளில்லாத ஒரு மாணவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கருவியையும் பழக்கத்தையும்தான் கேள்வி கேட்க வேண்டும்.

என்எஸ்-2 தரப்பு வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அது இலகுவானது. நாற்பது வரி டிசிஎல்லில் ஒரு நெட்வொர்க்கைக் கட்டிவிடலாம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பைல் செய்ய வேண்டாம், பழைய லேப் கணினியிலும் ஓடும். அடுத்தது, பாடத்திட்டத்தில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையிலும் நெட்வொர்க்ஸ் லேபில் நெரிசல் கட்டுப்பாட்டை என்எஸ்ஸில் செய்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதோடு, ஒப்பிட வேண்டிய பழைய கட்டுரைகள் எல்லாம் அதில்தான் செய்யப்பட்டிருக்கின்றன. இன்ஸ்டால் தொல்லையைப் பற்றிய புகாருக்கும் விடை உண்டு: டெபியனும் உபுண்டுவும் என்எஸ்-2 ஐத் தயார்நிலைத் தொகுப்பாகவே கொடுத்து வந்திருக்கின்றன. ஏப்ட் கட்டளை ஒன்று போதும், 137ஆம் வரியைப் பார்க்கவே வேண்டாம்.

இவற்றில் முதல் வாதம் உண்மை, வகுப்பறைக்கு அது பொருந்தும். பாடத்திட்ட வாதம் பழக்கத்தைச் சொல்கிறது, தகுதியைச் சொல்லவில்லை. அந்தப் பாடத்திட்டமே இணையான வேறு சிமுலேட்டரையும் அனுமதித்தது. பழைய கட்டுரைகளோடு ஒப்பிடும் வாதத்துக்கு மட்டும் எடை உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன். ஏப்ட் வாதமோ என் கேள்வியைத் தெளிவாக்குகிறது. ஒரே கட்டளையில் இன்ஸ்டால் ஆகிவிட்டாலும் அந்த இருபது பாக்கெட் விண்டோ அப்படியேதான் இருக்கிறது. 914 மெகாஹெர்ட்ஸ் அப்படியேதான் இருக்கிறது. எல்டிஇயோ 5ஜியோ அதிகாரப்பூர்வமாக அதில் இல்லவே இல்லை. ஆக, இன்ஸ்டால் தொல்லை என்எஸ்-2இன் மிகச் சிறிய குறை. அதைச் சரிசெய்வதிலேயே ஆற்றல் முழுக்கப் போவதால் பெரிய குறைகள் கண்ணில் படாமல் போகின்றன.

என்எஸ்-3க்கு வருவோம். 2008 ஜூனில் முதல் வெளியீடு. பெயரில் மட்டுமே என்எஸ்-2இன் தொடர்ச்சி. பழைய ஸ்கிரிப்ட் எதுவும் இதில் ஓடாது. டிசிஎல்லைக் கைவிட்டு முழுக்க சி++, விரும்பினால் பைதான். பாக்கெட் என்றால் நிஜ பைட்டுகள் கொண்ட பாக்கெட், அதை அப்படியே பிகேப் கோப்பாக எழுதி வயர்ஷார்க்கில் திறந்து பார்க்கலாம். ஆய்வு மாணவருக்கு இது பெரிய வரம், தன் புரோட்டோகால் என்ன செய்கிறதென்று கண்ணால் பார்க்கிறார். 'ரன்' எண்ணைக் கட்டளை வரியிலேயே மாற்றி வெவ்வேறு ரேண்டம் எண் வரிசைகளில் ஓட்டலாம். சோதனைத் தொகுப்பு மிக விரிவானது, ஒவ்வொரு வெளியீட்டிலும் வளர்கிறது. நம் நாட்டுப் பங்களிப்பும் இதில் பெயரளவுக்கு இல்லை: என்எஸ்-3 ஆண்டு ஒர்க்‌ஷாப் 2018இல் கர்நாடகத்தின் சூரத்கல் என்ஐடியில் நடந்தது, அங்குள்ளவர்கள் டிசிபி, க்யூ பகுதிகளில் தொடர்ந்து எழுதிவருகிறார்கள்.

லினக்ஸில் ஓடவைப்பது இதிலும் முழுக்கச் சுகமில்லை, ஆனால் தொல்லையின் தன்மை வேறு. பழைய பதிப்புகள் டீபக் முறையில் எச்சரிக்கைகளையே பிழையாக எடுத்துக்கொள்ளும். அதனால் புதிய ஜிசிசி ஒரு புது எச்சரிக்கையைக் கற்றுக்கொண்ட அன்று, நேற்றுவரை கம்பைல் ஆன நிரல் நின்றுவிடும். பழைய 'வாஃப்' கருவி பைதான் 2 ஐ எதிர்பார்த்தது, உபுண்டு 20.04 அதை இயல்பாகத் தருவதில்லை. 2022இல் 3.36 வந்தபோது வாஃப் போய் சிமேக் வந்தது, எல்லா வழிகாட்டிக் குறிப்புகளும் ஒரே நாளில் பழசாகின. அனிமேஷன் கருவியான நெட்அனிமுக்குத் தேவை என்று பழைய குறிப்புகள் சொல்லும் 'க்யூட்டி5-டீஃபால்ட்' தொகுப்பு உபுண்டு 22.04இல் இல்லை. நான்கு ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் எல்லாக் கோர்களையும் விட்டுக் கம்பைல் செய்தால் நடுவழியில் செத்துவிழும், ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறைத்துக்கொடுக்க வேண்டும். 5ஜி வேண்டுமென்றால் பார்சலோனாவின் சிடிடிசி தரும் 5ஜி-லீனாவைச் சேர்க்க வேண்டும், அதன் ஒவ்வொரு பதிப்பும் என்எஸ்-3இன் குறிப்பிட்ட ஒரு பதிப்போடு மட்டுமே பொருந்தும். இத்தனையும் உயிரோடிருக்கும் மென்பொருளின் தொல்லைகள். கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள், அடுத்த வெளியீட்டில் சரியாகிறது, நீங்கள் திருத்தினால் அந்தத் திருத்தம் உள்ளே போகிறது. 137ஆம் வரியைத் திருத்திய எண்ணற்ற மாணவர்களின் உழைப்போ எங்கும் போய்ச் சேரவில்லை.

அப்படியானால் என்எஸ்-3தான் விடையா? பாதி விடை. டிசிபி, க்யூ, நெரிசல் கட்டுப்பாடு என்று ஆய்வு செய்கிறவர்களுக்கு என் பரிந்துரை வேறு: சிமுலேட்டரையே விடுங்கள், லினக்ஸே உங்கள் ஆய்வுக்கூடம். கெர்னலுக்குள் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற வசதி இருக்கிறது. ஒரே லேப்டாப்பில் இரண்டு நேம்ஸ்பேஸ் உருவாக்கி, வெத் என்ற இணைக் கம்பியால் இணைத்து, இரு முனையிலும் நெட்எம்மைக் கொண்டு 50 மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்கள். பிங் செய்தால் 100 காட்டும். வேகத்தை 10 மெகாபிட்டாகக் கட்டிவிட்டு ஐபெர்ஃப்3 ஓட்டுங்கள். மேலே கணக்குப் போட்ட அதே லிங்க்தான். இங்கே ஓடுவது நிஜ லினக்ஸ் டிசிபி, நிஜ க்யூபிக். த்ரூபுட் 10 மெகாபிட்டை நெருங்கும், இருபது பாக்கெட் கட்டு கிடையாது. க்யூபிக்குக்குப் பதில் பிபிஆர் வேண்டுமா, ஒரு சிஸ்கன்ட்ரோல் வரி. எஃப்க்யூ-கோடெல்லைக் கழற்றிவிட்டு வெறும் ஃபிஃபோ வைத்தால் தாமதம் எப்படி ஏறுகிறதென்று அடுத்த நிமிடமே அளக்கலாம். தனியாக இன்ஸ்டால் செய்ய அநேகமாக ஒன்றுமில்லை.

ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2010இல் வந்த மினிநெட் இந்த யோசனையைத்தான் பெரிதாக்கியது. சூரத்கல் என்ஐடியில் உருவான 'நெஸ்ட்' என்ற பைதான் கருவி அதையே எளிதாக்குகிறது. 1980களின் கொலம்பியா நெஸ்ட்டுக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே. இந்த வழிக்கும் எல்லை உண்டு. எல்லாம் நிஜ நேரத்தில் ஓடுவதால் லேப்டாப்பின் சிபியூ திணறினால் அளவீடும் பொய்யாகும், பத்து கிகாபிட் லிங்கை இதில் நம்ப முடியாது. வயர்லெஸ்ஸுக்கு மினிநெட்-வைஃபை இருந்தாலும், ரேடியோ அலையின் நடத்தையை ஆராய அது போதாது. அங்கே என்எஸ்-3தான், அல்லது ஓம்நெட்++.

ஓம்நெட்++ பற்றி ஒரு வரி: புடாபெஸ்டில் ஆண்ட்ராஸ் வர்கா தொடங்கியது, லினக்ஸில் நன்றாக ஓடுகிறது, சுமோவோடு நேரடியாகப் பேசும் வெய்ன்ஸ் அதன் மேல்தான் இருக்கிறது. கட்டடங்கள் அலையை மறிப்பதையும் வெய்ன்ஸ் கணக்கில் எடுக்கும் என்பதால், கன்னாட் பிளேஸ் ஆய்வேடு எழுதுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதை. பெங்களூரின் டெட்காஸ் தரும் நெட்சிம் விண்டோஸ் பக்கத்துக்காரர், காசு கொடுத்து வாங்க வேண்டியது, கல்லூரி லேபுக்கு வசதி. சிஸ்கோ பேக்கெட் ட்ரேசர் லினக்ஸுக்கு டெப் கோப்பாகவே வருகிறது, ரவுட்டரை எப்படி கான்ஃபிகர் செய்வது என்று கற்றுக்கொள்ள அருமையான கருவி. அதிலிருந்து த்ரூபுட் கிராஃப் எடுத்து ஆய்வேட்டில் போடுவது மட்டும் கூடாது, அது அதற்காகக் கட்டப்பட்டதில்லை.

பழைய கட்டுரைகளோடு ஒப்பிடும் வாதத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். 2008இல் ஒருவர் என்எஸ்-2இல் காட்டிய முடிவை இன்று ஒருவர் சரிபார்க்க விரும்பினால், அவருக்கு என்எஸ்-2 தேவை. அதுவும் அதே பதிப்பு, முடிந்தால் அதே காலத்துக் கம்பைலர். இதற்குச் சரியான வழி, இன்றைய உபுண்டுவைப் பழைய ரெபோசிட்டரியால் குழப்புவது ஆகாது. ஒரு பழைய டெபியனை டாக்கர் கண்டெய்னருக்குள் வைத்து, அதற்குள் என்எஸ்-2 ஐக் கட்டி, வேலிடேட்டை ஓட்டி, அந்த இமேஜை அப்படியே பாதுகாத்துவிட வேண்டும். ஒருவர் ஒருமுறை செய்தால் ஒரு துறைக்கே போதும். ஒவ்வொரு மாணவரும் தலைகீழாக நின்று அதைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. இந்த ஆவணக்காப்பு வேலை முக்கியமானது என்று நினைக்கிறேன். நம் பல்கலைக்கழக நூலகங்களில் ஆய்வேடுகள் கெட்டி அட்டை போட்டு இருக்கின்றன, அவற்றை உருவாக்கிய நிரல்கள் எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. புதிய ஆய்வுக்கு என்எஸ்-2 கூடாது. வயர்லெஸ், 5ஜி, இன்னும் உலகில் இல்லாத புரோட்டோகால் என்றால் என்எஸ்-3, வாகன நெட்வொர்க் என்றால் வெய்ன்ஸ், டிசிபியும் க்யூவும் என்றால் லினக்ஸ் கெர்னலே. இளநிலை வகுப்பில் நெரிசல் கட்டுப்பாட்டின் ரம்பப்பல் வடிவத்தைக் காட்ட ஒரு மணி நேரம் என்எஸ்-2 ஓட்டுவதை நான் எதிர்க்கவில்லை, ஏப்ட்டில் வரும் தொகுப்பே அதற்குப் போதும். நேம்ஸ்பேஸில் அதையே நிஜமாகக் காட்டலாம் என்பதால் அந்த ஒரு மணி நேரத்துக்கும் போட்டி வந்துவிட்டது.

என்எஸ்-3க்கு மாறினால் மட்டும் ஆய்வு தானாக நல்லதாகிவிடாது என்பதையும் தீர்ப்போடு சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கேயும் இயல்பு மதிப்புகள் இருக்கின்றன. 'ரன்' எண்ணை மாற்றாவிட்டால் அங்கேயும் ஒரே விடைதான் வரும். எனவே மாற்றம் தொடங்க வேண்டிய இடம் வைவா அறை. எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலர், எத்தனை சீடுகள், எந்தப் பரவல் மாதிரி, விண்டோ எவ்வளவு என்று தேர்வாளர் கேட்கட்டும். ஸ்கிரிப்டும் கண்டெய்னர் கோப்பும் ஆய்வேட்டோடு சேர்த்தே நூலகத்துக்குப் போகட்டும். மாணவரின் லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு, துறையின் வேறொரு லினக்ஸ் கணினியில் ஒரே ஒரு கிராஃபை மட்டும் மறுபடி வரவழைத்துக் காட்டச் சொல்லட்டும். அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்காது.